கையெழுத்துக்கு முன் காலண்டரைப் பாருங்கள்

அமெரிக்காவில் சண்டையில்லாமல் பிரியும் தம்பதிகளில், வாழ்க்கைத்துணையின் பெயரால் விசா வாங்கியவர் கதி என்ன?

“எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஒத்துவரவில்லை, பேசிப் பிரிந்துவிட்டோம்” என்று பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து போனில் சொல்லும்போது, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அழுகையோடு ஒரு நிம்மதியும் வருகிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாம். நகை, சீர் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வக்கீல் ஆபீஸுக்கு அலைய வேண்டாம். அந்த ஊர்ச் சட்டமும் இதற்குத் தோதாகவே இருக்கிறது. கலிபோர்னியாவில் யார் மேல் தப்பு என்று கோர்ட் கேட்பதே இல்லை. 1969இல், அன்றைக்கு ஆளுநராக இருந்த ரொனால்டு ரீகன் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. ‘தீர்க்க முடியாத கருத்து வேறுபாடு’ என்ற கட்டத்தில் ஒரு டிக். எதிர்த்தரப்புக்கு மனு போய்ச் சேர்ந்து குறைந்தது ஆறு மாதம். அவ்வளவுதான் விவாகரத்து. டெக்சாஸில் காத்திருப்பு இன்னும் குறைவு, 60 நாள்.

கோர்ட் வேலை முடிந்த இடத்தில்தான் வெளிநாட்டிலிருந்து வந்த துணைக்கு வேலை ஆரம்பிக்கிறது. விவாகரத்து கொடுப்பது மாநில நீதிமன்றம். குடியேற்றம் மத்திய அரசின் கையில், யுஎஸ்சிஐஎஸ் என்கிற துறையிடம் இருக்கிறது. வீடு, கார், ஓய்வுகாலச் சேமிப்பு, குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது வரை முடிவு செய்யும் குடும்பநல நீதிபதிக்கு விசா விஷயத்தில் ஒரு அதிகாரமும் கிடையாது. அங்கே யாரும் அதைப் பற்றிக் கேட்கக்கூட மாட்டார்கள். குடியேற்றத் துறைக்கோ நீங்கள் கைகுலுக்கிப் பிரிந்தீர்களா, முகம் திருப்பிப் பிரிந்தீர்களா என்பது பொருட்டே இல்லை. தீர்ப்பு வந்த தேதியில் உங்கள் கையில் என்ன காகிதம் இருந்தது என்பதைத்தான் அது பார்க்கும்.

குடியுரிமைப் பிரமாணம் எடுத்து முடித்தவரை விவாகரத்து தொடாது. 10 வருட கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் கார்டு பறிபோகாது, குடியுரிமை மட்டும் தள்ளிப்போகும். இரண்டு வருட கார்டு வைத்திருப்பவர் தனியாகப் போராட வேண்டும். கல்யாணத்தின் பேரில் கிரீன் கார்டு கேட்டு மனுப்போட்டு, அது இன்னும் கையில் வராதவருக்கு அந்த மனு செத்துவிடும். எச்-1பி வேலை விசாக்காரரின் துணையாக எச்-4 விசாவில் இருப்பவருக்கு, தீர்ப்பு வந்த அன்றைக்கே நிற்க இடமில்லை.

இரண்டு வருட கார்டு

கல்யாணம் ஆகி இரண்டு வருடம் முடிவதற்குள் கிரீன் கார்டு கிடைத்தால் அது நிபந்தனைக் கார்டு. நம்மவர்கள் ‘கண்டிஷனல்’ என்கிறார்கள். போலிக் கல்யாணங்களைத் தடுக்க 1986இல் கொண்டுவந்த சட்டம் இது. இரண்டாவது வருடம் முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டு ஐ-751 என்ற படிவத்தைக் கொடுத்து நிபந்தனையை நீக்கச் சொல்ல வேண்டும். கொடுக்கத் தவறினால் குடியிருப்பு உரிமை அதோடு முடிந்தது.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கோவையில் 2022 செப்டம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன். விசா கைக்கு வந்து, பெண் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியது 2024 ஜூன் 10. கல்யாணமாகி ஒரு வருடம் ஒன்பது மாதம்தான், எனவே கண்டிஷனல். அதே பெண் அதே விசாவில், அது காலாவதியாவதற்குள், டிக்கெட்டை அக்டோபருக்குத் தள்ளிப்போட்டு இறங்கியிருந்தால் இரண்டு வருடம் தாண்டியிருக்கும். 10 வருட கார்டு கிடைத்திருக்கும். இனி வரப்போகிற தலைவலியில் பாதி இருந்திருக்காது. விமான டிக்கெட் தேதிக்கு இவ்வளவு மகிமை உண்டென்று கல்யாண வீட்டில் யார் சொல்லப் போகிறார்கள்?

இந்தப் பெண்ணின் கார்டு 2026 ஜூன் 10இல் முடிகிறது. மனுக் கொடுக்கும் ஜன்னல் மார்ச் 12இல் திறக்கிறது. 2025 டிசம்பரில் இருவரும் பிரிவதென்று முடிவெடுக்கிறார்கள். இனி?

கணவர் கையெழுத்துப் போட மறுத்தாலும், விவாகரத்தே ஆகிவிட்டாலும், அந்தப் பெண் தனியாக மனுக் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. கூட்டு மனு என்ற கட்டாயத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். கல்யாணத்தை நல்ல மனதோடுதான் செய்துகொண்டேன், பிறகு முறிந்துபோனது என்று காட்ட வேண்டும். தீர்ப்பு கையில் வந்துவிட்டால் 90 நாள் ஜன்னலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வழி ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. 1986இல் எழுதிய வாசகத்தின்படி, வெளிநாட்டுத் துணையே தக்க காரணத்தோடு கல்யாணத்தை முறித்திருக்க வேண்டும், தப்பும் அவர் மேல் இருக்கக் கூடாது. யார் மேலும் பழி போடாமல் பிரிந்தவருக்கு அதில் இடமில்லை. விலக்கு வேண்டுமென்றால் சண்டை போட்டே ஆக வேண்டும் என்ற இந்த விசித்திரத்தை 1990இல் நாடாளுமன்றம் திருத்தியது. இன்று சுமுகமாகப் பிரிகிறவர்கள் தங்களை அறியாமலே அந்தத் திருத்தத்தின் நிழலில்தான் நிற்கிறார்கள்.

சிக்கல், தீர்ப்பு வராமல் இழுத்துக்கொண்டிருக்கும் காலத்தில். ஜூன் 10 வந்துவிட்டது, கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்கிறது. தீர்ப்பு நகல் இல்லாமல் விலக்கு மனு முழுமையாகாது. அதிகாரி நகல் கேட்டுக் கடிதம் அனுப்புவார், அதற்கொரு கெடுவும் வைப்பார். கெடுவுக்குள் கொடுக்க முடியாவிட்டால் மனு தள்ளுபடி ஆகலாம், விஷயம் குடியேற்ற நீதிமன்றம் வரை போகலாம். இந்த இடத்தில்தான் சுமுகத்துக்கு உண்மையான மதிப்பு. கோர்ட் தேதிக்கு இழுத்தடிக்காமல் கையெழுத்துப் போடுகிற கணவர், அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கும் ஜீவனாம்சத்தை விடப் பெரிய உதவியைச் செய்கிறார்.

சட்டப்படி இன்னும் கணவன் மனைவிதான், தனித்தனி வீட்டில் இருக்கிறோம் என்றால் கூட்டு மனுவே போடலாம். பிரிந்து வாழ்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக அதை நிராகரிக்கக் கூடாது என்பதே துறையின் வழிகாட்டுதல். ஆனால் தனித்தனியாக இருப்பதை மறைக்கக் கூடாது. நான் மிகவும் பயப்படுவது, “நல்லபடியாகத்தானே பிரிகிறோம், உனக்குக் கார்டு வரும்வரை சேர்ந்திருப்பதுபோல் காட்டிக்கொள்வோம்” என்று பெருந்தன்மையாகப் பேசுகிற ஆண்களைப் பார்த்துத்தான். அது உதவி இல்லை. கூட்டு மனுவில் ஒரே முகவரி என்று எழுதிவிட்டு, ஒருவர் ஃப்ரீமாண்டிலும் இன்னொருவர் ஆஸ்டினிலும் வாடகை கட்டினால் அது பொய்ச் சாட்சி. குடியேற்றச் சட்டத்தை ஏய்ப்பதற்கென்றே செய்த கல்யாணம் என்று முடிவானால் ஐந்து வருடம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். உண்மையான கல்யாணத்தைக்கூட அந்தச் சந்தேகத்துக்குள் தள்ளிவிட ஒரு பொய் முகவரி போதும்.

மனுப்போட்ட பிறகு காத்திருப்பு நீளம். 2023 ஜனவரியில், ரசீதுக் கடிதத்தோடு கார்டின் ஆயுளை 48 மாதம் நீட்டிப்பது என்று முடிவெடுத்தார்கள். எவ்வளவு நாள் ஆகும் என்பதைத் துறையே ஒப்புக்கொண்டதாகத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு அமெரிக்காவில் நடக்கக் கூடாது. கனடாவும் 2012இல் இப்படியொரு இரண்டு வருட நிபந்தனையைக் கொண்டுவந்து, கொடுமை தாங்காத பெண்கள்கூட வீட்டைவிட்டு வெளியேறப் பயப்படுகிறார்கள் என்ற விமர்சனம் எழுந்து, 2017இல் எடுத்துவிட்டது. ஸ்கார்பரோ சித்தப்பாவின் அனுபவம் டல்லாஸுக்கு ஆகாது.

கல்யாண ஆல்பமும் கரண்ட் பில்லும்

விலக்கு மனுவுக்கு ஆதாரம் சேர்க்கச் சொன்னால் நம் ஆட்கள் முதலில் எடுப்பது கல்யாண ஆல்பம். முகூர்த்தம், மாலை மாற்றல், ரிசப்ஷன் மேடையில் வரிசைகட்டி நிற்கும் சொந்தங்கள். ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணம், இதுக்கு மேல என்ன அத்தாட்சி என்பது நம் கணக்கு. அதிகாரி பார்ப்பதோ கல்யாணத்துக்குப் பிந்தைய வாழ்க்கையை. இரண்டு பேர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், ஜாயின்ட் அக்கவுண்டில் மாதாமாதம் காய்கறிக்கும் கேஸுக்கும் போன பணம், சேர்ந்து தாக்கல் செய்த வருமானவரி, அலுவலக மருத்துவக் காப்பீட்டில் துணையின் பெயர், ஒரே முகவரிக்கு வந்த கரண்ட் பில். ஐந்து லட்சத்துக்கு எடுத்த ஆல்பம் செய்யாததை அந்தக் கரண்ட் பில் செய்யும். பிரிந்து போகும்போது அவரவர் சாமானை எடுத்துக்கொள்ளும் அவசரத்தில் இந்தக் காகிதங்கள் பழைய வீட்டிலோ, கணவரின் மெயில் பெட்டியிலோ தங்கிவிடுகின்றன. பாஸ்வேர்டு மாற்றுவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சுமுகம் இருக்கும்போதுதான் அது கிடைக்கும்.

நம் ஊரில் வந்து விவாகரத்து வாங்குகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின் கீழ் பரஸ்பர சம்மத மனு. சென்னை ஹைகோர்ட் வளாகத்துக் குடும்பநல நீதிமன்றத்தில் ‘மியூச்சுவல் போட்டாச்சு’ என்பார்களே, அதுதான். அந்த மனுப்போட ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதன்பிறகு ஆறு மாத இடைவெளி. அந்த ஆறு மாதத்தைத் தேவைப்பட்டால் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு வருடப் பிரிவு அப்படியே இருக்கிறது. அந்தக் கணக்கு நிரம்புவதற்காகப் பிரிந்த தேதியைக் கொஞ்சம் முன்தேதியிட்டு எழுதிவிடுவது சிலர் வழக்கம். “இருவரும் 2024 டிசம்பர் முதல் தனித்தனியாக வாழ்ந்துவருகிறார்கள்” என்று சத்தியப் பிரமாணத்தோடு ஒரு வரி. நம் கோவைப் பெண்ணை எடுத்துக்கொண்டால், அவர் அமெரிக்கா போனதே 2024 ஜூன். ஆறு மாதம்தான் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று அவரே கோர்ட்டில் எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடும். அந்தத் தீர்ப்பு நகலைத்தான் ஐ-751 மனுவோடு இணைக்கப் போகிறார். 2025 முழுக்கச் சேர்ந்து வாழ்ந்ததற்கு அவர் கொடுக்கும் பில்களும் இந்த வரியும் மோதிக்கொள்ளும்.

‘டைவர்சி’ என்ற பெயர் வேண்டாமே என்று கல்யாணமே செல்லாது என அறிவிக்கக் கேட்கும் குடும்பங்களும் உண்டு. தாம்பத்யமே நடக்கவில்லை என்று அந்த மனுவில் எழுதுவார்கள். நல்ல மனதோடு குடும்பம் நடத்தினோம் என்று அடுத்த மாதம் யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு எழுத வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே ஆள் எழுத முடியாது.

எதிர்த்திசையிலும் ஒரு கேள்வி உண்டு. அமெரிக்க விவாகரத்து இந்தியாவில் செல்லுமா? திருப்பதியில் 1975இல் நடந்த ஒரு கல்யாணத்தை மிசௌரி மாநில நீதிமன்றம் ரத்து செய்த வழக்கில், அந்தத் தீர்ப்பை ஏற்க முடியாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனைவி அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கவே இல்லை என்பது அதில் முக்கியம். இருவரும் தாமாக முன்வந்து, சம்மதத்தோடு வாங்கிய தீர்ப்புக்கு அதே தீர்ப்பு விதிவிலக்குக் கொடுக்கிறது. சம்மதம் இருந்தது என்பது காகிதத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடி, உதை, மிரட்டல் எல்லாம் இருந்த கல்யாணத்தைக் குடும்ப கௌரவத்துக்காக ‘மியூச்சுவல்’ என்று மூடி மறைக்கிறார்கள். குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ கொடுமை செய்திருந்தால், வாழ்க்கைத்துணை தனக்குத்தானே மனுப்போட்டுக்கொள்ள 1994ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் வழி தருகிறது. விவாகரத்தான இரண்டு வருடத்துக்குள் அந்த மனுவைப் போட்டாக வேண்டும். கௌரவத்துக்காக வாயை மூடிக்கொண்டு இருக்கும் காலத்தில் அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

எச்-4: ஒரே நாளில் வெளியே

மேலே சொன்ன விலக்கு, ஆதாரம், நீட்டிப்பு எல்லாம் குடிமகனையோ கிரீன் கார்டுக்காரரையோ கட்டிக்கொண்டவர்களுக்கு. தமிழ்நாட்டிலிருந்து ஐ.டி. மாப்பிள்ளையோடு போகிற பெண்களில் பலர் இந்த வகையில் வருவதில்லை. கணவர் எச்-1பி, மனைவி எச்-4. அவருடைய இருப்புக்கு ஒரே ஆதாரம் கல்யாணம். தீர்ப்பு வரும் நாளில் எச்-4 முடிகிறது. சென்னைக் கோர்ட் தீர்ப்பானாலும் சான்டா கிளாரா கோர்ட் தீர்ப்பானாலும் அதேதான். வேலை போனவர்களுக்கு 60 நாள் அவகாசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேலை இழப்புக்கு, விவாகரத்துக்கு இல்லை. எச்-4 அடிப்படையில் வாங்கிய வேலை அனுமதிக்கும் அதோடு ஆதாரம் போய்விடும். குழந்தைகள் தந்தையின் விசாவில் 21 வயது வரை தொடரலாம். தாய்க்கு அந்த உரிமை இல்லை.

இதில் கொடுமை காத்திருப்பில் இருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழிக் கிரீன் கார்டு வரிசை, ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பால், பத்து வருடத்தையும் தாண்டிப் போகிறது. கணவரின் நிறுவனம் 2013இல் போட்ட விண்ணப்பத்தின் வரிசை எண்ணை நம்பி, படித்த படிப்பை மூட்டைகட்டி வைத்துவிட்டு, குழந்தைகளை வளர்த்துக்கொண்டு காத்திருக்கிறார் ஒரு பெண் என்று வையுங்கள். பிரிந்த அன்று அந்த வரிசை எண் கணவருடையது மட்டும். பன்னிரண்டு வருட சம்சாரத்தில் வாங்கிய வீட்டில் பாதி கேட்கலாம், வரிசையில் பாதி கேட்க முடியாது. இருவரும் கிரீன் கார்டுக்கான கடைசிக் கட்ட மனுவைக் கொடுத்து, கைரேகையும் எடுத்து முடித்திருந்தாலும், கார்டு கைக்கு வருவதற்கு முந்தைய நாள் விவாகரத்து ஆனால் மனைவியின் மனு நிற்காது. அடுத்த நாள் ஆகியிருந்தால் கார்டை யாரும் தொட முடியாது.

எனவே எச்-4இல் இருப்பவர் தீர்ப்புக்கு முன்பே தன் பெயரில் ஒரு விசாவுக்கு மாறியாக வேண்டும். படிக்கச் சேர்ந்து எஃப்-1, அல்லது தனக்கென ஒரு எச்-1பி. பின்னது வருடத்துக்கு 85,000 பேருக்கு மட்டும், அதிலும் குலுக்கல். ஆறு மாதம், ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளக் கணவர் சம்மதித்தால்தான் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும். உண்மையில் நடந்த கல்யாணத்தின் சட்டப்பூர்வ முடிவைத் தள்ளிப்போடுவதில் தப்பில்லை. நீதிமன்றத்தில் ‘சட்டப்படியான பிரிவினை’ என்ற உத்தரவு வாங்கிவைத்துக்கொண்டு தள்ளிப்போடுவது மட்டும் ஆகாது. அந்த உத்தரவே வினையாகலாம்.

மூன்றா, ஐந்தா?

குடிமகனைக் கட்டியவருக்கு மூன்று வருடத்தில் குடியுரிமை என்பது பலருக்குத் தெரியும். அந்த மூன்று வருடமும் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பதும், பிரமாணம் எடுப்பதற்கு முன் விவாகரத்து ஆனால் அந்தச் சலுகை போய்விடும் என்பதும் அவ்வளவாகத் தெரியாது. நம் கோவைப் பெண், பிரியாமல் இருந்திருந்தால் 2027 மார்ச்சிலேயே என்-400 விண்ணப்பம் போட்டிருக்கலாம். பிரிந்துவிட்டதால் மற்ற எல்லோரையும்போல ஐந்து வருடக் கணக்கு, அதாவது 2029 மார்ச். கண்டிஷனல் கார்டில் கழித்த இரண்டு வருடமும் இதில் சேரும் என்பது ஆறுதல். இந்த இரண்டு வருட வித்தியாசத்துக்காகப் பிரிவை மறைக்கிறவர்கள், எல்லாவற்றையும் பணயம் வைக்கிறார்கள். பின்னாளில் தெரியவந்தால் வாங்கிய குடியுரிமையையே ரத்து செய்யலாம்.

நம் நாடு இதில் ஒன்றும் தாராளமில்லை. இந்தியரைக் கட்டிக்கொண்டு ஓசிஐ அட்டை வாங்கிய வெளிநாட்டவரின் அட்டையை, விவாகரத்தானால் ரத்து செய்யலாம் என்று நம் குடியுரிமைச் சட்டத்தின் 7-டி பிரிவு சொல்கிறது.

ஸ்பான்சர் கையெழுத்து தீராது

துணையை அழைத்துவரும்போது குடிமகன் ஐ-864 என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறார். வந்தவரின் வருமானம் வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வேன் என்று அரசுக்குக் கொடுக்கும் வாக்கு அது. 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு வருடம் 19,562 டாலர். விவாகரத்து இந்த வாக்கை முடிக்காது. வந்தவர் குடியுரிமை பெற வேண்டும், அல்லது ஏறக்குறைய பத்து வருடத்துக்கான வேலைக்கணக்கு சேர வேண்டும், அல்லது நாட்டைவிட்டே போக வேண்டும், அல்லது இருவரில் ஒருவர் இறக்க வேண்டும். “வேலை தேடாமல் உட்கார்ந்திருக்கிறார், நான் ஏன் கொடுக்க வேண்டும்” என்று விஸ்கான்சினில் ஒரு முன்னாள் கணவர் வாதாடியபோது, வேலை தேட வேண்டும் என்ற நிபந்தனை அந்த உறுதிமொழியில் இல்லை என்று 2012இல் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்தது. தீர்ப்பை எழுதியவர் புகழ்பெற்ற நீதிபதி ரிச்சர்டு போஸ்னர். கல்யாணத்துக்கு முன் போட்ட ஒப்பந்தமும் இதிலிருந்து காப்பாற்றாது என்று 2016இல் ஒன்பதாவது சர்க்யூட் சொன்னது. சுமுகமாகப் பிரியும் அவசரத்தில், ‘இனி ஒருவருக்கொருவர் எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எழுதிக்கொள்ளும் தம்பதிகள் இந்தக் கையெழுத்தை மறந்தே போகிறார்கள்.

இரண்டாவது வரன் பார்க்கும் பெற்றோருக்கு ஒன்று. கல்யாணத்தின் வழியாகக் கிரீன் கார்டு பெற்றவர், அதே கார்டை வைத்துப் புதுத் துணையை அழைப்பதென்றால் ஐந்து வருடம் பொறுக்க வேண்டும், அல்லது முதல் கல்யாணம் உண்மையானது என்று மிக உறுதியான ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். குடியுரிமை வாங்கிவிட்டால் இந்தத் தடை இல்லை. ஜாதகம் பார்ப்பதற்கு முன் கார்டு தேதியைப் பார்ப்பது நல்லது.

விவாகரத்து வக்கீல் வேறு, குடியேற்ற வக்கீல் வேறு. முதலாமவர் இரண்டாமவரின் வேலையைச் செய்ய மாட்டார். எந்த மனுவிலும் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீலிடம் தேதிகளைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தனி வீடு போனதும் 10 நாளுக்குள் புது முகவரியை யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்யாவிட்டால் இன்டர்வியூ கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும்.